வெள்ளவத்தை வீட்டில் மூன்று சண்டை: யாரோடு முதலில் கதைப்பது?

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் இரண்டு அறைத் தொடர்மாடி வீடு. உங்களுக்குச் சீதனமாக வந்தது. மாமா தவறிய பிறகு மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உங்களோடு இருக்கிறார். மூன்று வயது மகளுக்கு என்ன சாப்பாடு கொடுப்பது, எத்தனை மணிக்குப் படுக்க வைப்பது, குசினியில் எந்தப் போத்தல் எங்கே இருப்பது என்று ஒவ்வொரு நாளும் உரசல். கணவரிடம் சொன்னால், "அம்மா வயசுபோன ஆள், நீர்தான் கொஞ்சம் பொறுத்துப் போகவேணும்" என்றுவிட்டுப் போனோடு பல்கனிக்குப் போய்விடுகிறார். தாங்க முடியாமல் பள்ளிக்காலச் சிநேகிதிக்கு வட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் கொட்டினீர்கள். அது அவருடைய கணவர் வழியாக உங்கள் கணவரின் காதுக்குப் போய்விட்டது. இப்போது கணவர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, சிநேகிதியோடும் கதை இல்லை, மாமி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கனடாவிலிருக்கும் மகளோடு கதைக்கிறார். யாரோடு முதலில் கதைப்பது, எப்படிக் கதைத்தால் சண்டை வராது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி அப்படி இருந்தாலும், உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒரே வசனம் வருகிறது: "அவர் ஒருநாளும் எனக்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை." உண்மையில் நீங்கள் கேட்பது இந்த மனிதர் என்னுடைய பக்கம் நிற்கிறாரா இல்லையா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். கொழும்பில் தமிழ்க் குடும்பங்களோடு உளவளத்துணையாளராகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன். மாமி மருமகள் பிரச்சினை என்று வருகிற பெண்களில் அநேகருடைய கவலை கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். ஆகவே என் பதில்: முதலில் கணவரோடு கதையுங்கள். மாமியோடு இப்போதைக்கு நீங்களாகப் பெரிய கதை எதையும் தொடங்க வேண்டாம். சிநேகிதியின் விடயம் ஆறட்டும். சண்டையே வராமல் கதைக்கும் வழி என்று ஒன்றை என்னால் சொல்ல முடியாது. வருகிற சண்டை சீக்கிரம் முடிவதற்கும், மறக்க முடியாத வார்த்தை வாயிலிருந்து விழாமல் இருப்பதற்கும் வழி உண்டு.

மூன்று சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே வழியால் வந்தவை. மாமியிலுள்ள மனக்குறையைக் கணவரிடம் சொன்னீர்கள். கணவரிலுள்ள மனக்குறையைச் சிநேகிதியிடம் சொன்னீர்கள். மாமி உங்களிலுள்ள குறையைக் கனடாவுக்குச் சொல்கிறார். மச்சாள் அதை அங்கிருந்து தம்பிக்குச் சொல்கிறார் என்பது என் ஊகம். இரண்டு பேருக்கிடையிலுள்ள இறுக்கத்தை அவர்களால் தாங்க முடியாதபோது மூன்றாம் ஆளை உள்ளே இழுப்பதை மறே போவென் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் முக்கோணம் என்று விளக்கினார். குடும்பங்களோடு வேலை செய்கிற எங்களுக்கு அது அடிப்படைப் பாடம். மூன்றாம் ஆளிடம் சொன்னதும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும். அதனாலேயே சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமலே நாட்கள் போகும். சொன்ன கதையோ வேறு முகத்தோடு வீட்டுக்குத் திரும்பி வரும். உங்கள் வீட்டில் அதுதான் நடந்திருக்கிறது. இதில் நீங்கள் கெட்டவர் என்றோ சிநேகிதி கெட்டவர் என்றோ நான் சொல்ல வரவில்லை.

மாமியைப் பற்றி இப்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவருக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக் குடும்ப வழக்கில் வீடு மகளுக்குத்தான் போகும். கலியாணம் முடித்த பெடியன் பெண்ணின் சீதன வீட்டுக்குப் போவான். வயதான தாய் தகப்பன் பெரும்பாலும் ஒரு மகளோடு, அதுவும் கடைசி மகளோடு, இருந்துவிடுவார்கள். உங்கள் மாமி தன் முதுமையை அப்படித்தான் மனதில் வைத்திருந்திருப்பார். மகள் கனடாவில். மாமாவும் இல்லை. தன் வாழ்நாளெல்லாம் தானே ஆண்ட குசினியை விட்டுவிட்டு, மருமகளின் சீதன வீட்டில், காலி வீதி வாகனச் சத்தத்துக்கு நடுவில், முற்றமும் கிணறும் இல்லாத இரண்டு அறைக்குள் வந்து இருக்கிறார். ஊரில் இருப்பவர்கள் கேட்டால் "மகனோட இருக்கிறன்" என்பார். "மருமகளின்ர வீட்டில இருக்கிறன்" என்று அவர் வாயால் வராது. அந்தக் கூச்சம் கறித்தூள் போத்தலில் வெளிவருகிறது. நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்ததை அவர் அலுமாரியின் மேல்தட்டில் வைக்கிறார். நீங்கள் மகளுக்கு இரவில் பாண் கொடுத்தால், அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் இடியப்பமும் சொதியும் வைத்துத் தீத்திவிடுகிறார். தனக்கு இங்கே ஓர் இடம் உண்டா என்று சோதித்துப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே ஒன்றை உங்களிடம் நேராகக் கேட்கிறேன். கோபத்தில் எப்போதாவது "இது என்ர வீடு" என்று சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை, ஆனால் இப்படிப்பட்ட வீடுகளில் அந்த வசனம் ஒருநாள் வரும். சட்டப்படி அதில் பிழை இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பமென்றால் சீதனமாக வந்த வீடு உங்களுடைய தனிச் சொத்து. அதை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்றாலும், அதை உங்களிடமிருந்து எடுக்க மாமியாலோ வேறு யாராலோ ஆகாது. யாரும் பறிக்க வராத ஒன்றுக்காக அந்த வசனத்தைச் செலவழிக்காதீர்கள். அது மாமியைக் குத்துவதைவிட உங்கள் கணவரைத்தான் ஆழமாகக் குத்தும். அவரும் அந்த வீட்டில் வந்திருப்பவர்தானே. ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால், கணவரிடம் அதற்கு மட்டும் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். மற்றக் கணக்குகளை அதோடு சேர்க்க வேண்டாம்.

கணவர் பல்கனிக்குப் போவதைப் பற்றி. ஒருவர் குறையைச் சொல்லிச் சொல்லிப் பின்னால் போவதும் மற்றவர் வாயை மூடிக்கொண்டு விலகுவதும் தம்பதிகள் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு வடிவம். அன்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்றவர்கள் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். சொல்பவர் கூடச் சொல்லச் சொல்ல மற்றவர் கூட விலகுவார். விலக விலக இவர் குரல் உயரும். யார் தொடங்கியது என்று தேடினால் இரண்டு பேருமே மற்றவரைத்தான் காட்டுவார்கள். விலகுகிறவருக்கு அக்கறை இல்லை என்பது உங்களுக்குத் தோன்றுகிற அர்த்தம். அது சில சமயம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் என் அறையில் வந்து இருந்த ஆண்களில் பலர், தாயும் மனைவியும் ஒரே நேரத்தில் தங்கள் முகத்தைப் பார்க்கும்போது நெஞ்சு படபடத்து ஒரு வசனமும் வாயில் வருவதில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒருவர், எந்தப் பக்கம் சொன்னாலும் மற்றப் பக்கத்துக்குத் துரோகம் செய்தமாதிரி என்று சொல்லிவிட்டு, மனைவி பக்கத்தில் இருக்கும்போதே அழுதார். மனைவி அதை அதுவரை அறிந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் ஜோன் கொட்மன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகள் சண்டை பிடிப்பதைப் படம்பிடித்து, நாடித் துடிப்பையும் அளந்து ஆராய்ந்தவர். அவர் சொன்னவற்றில் எதை நம்பி எடுக்கலாம், எதை எட்ட வைக்கலாம் என்று பிரித்துச் சொல்கிறேன். குறைசொல்லல், இளக்காரம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பதில், வாய்மூடிச் சுவராக நிற்றல் ஆகிய நான்கும் உறவைத் தின்னும், அதிலும் இளக்காரம் மிக மோசம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வேலையிலும் அதையே காண்கிறேன். கதை தொடங்குகிற முதல் மூன்று நிமிடம் எப்படிப் போகிறதோ அநேகமாக முழுக் கதையும் அப்படித்தான் போகும் என்பதும் நடைமுறையில் உதவுகிற கண்டுபிடிப்பு. நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிய ஆளோடு நியாயம் கதைத்துப் பயனில்லை, குறைந்தது 20 நிமிடமாவது ஆறவிட வேண்டும் என்பதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யார் விவாகரத்து எடுப்பார்கள் என்று 90 சதவீதம் முன்கூட்டிச் சொல்லலாம் என்று பத்திரிகைகளில் வருவதை நம்பிப் பயப்பட வேண்டாம். முடிவு தெரிந்த பிறகு கணக்கைப் பொருத்தியதால் வந்த எண் அது என்று மற்ற ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். இன்னொன்று: அந்தத் தம்பதிகள் அமெரிக்கர்கள். பக்கத்து அறையில் மாமி நித்திரை கொள்ளாமல் படுத்திருக்கிற வீட்டில் அவர்கள் கதைக்கவில்லை.

அதே எச்சரிக்கையோடு இன்னொரு ஆய்வையும் சொல்லலாம். மிச்சிகனில் 1986இல் கலியாணம் முடித்த 373 தம்பதிகளை டெரி ஓர்பக் என்பவரின் குழு நெடுங்காலம் பின்தொடர்ந்தது. மனைவியின் தாய் தகப்பனோடு கணவன் நெருக்கமாக இருந்த வீடுகளில் விவாகரத்து ஆபத்து 20 சதவீதம் குறைவு. கணவனின் தாய் தகப்பனோடு மனைவி மிக நெருக்கமாக இருந்த வீடுகளில் 20 சதவீதம் கூட. நெருக்கம் கூடினால் எல்லையைப் பாதுகாப்பது பெண்ணுக்குக் கடினமாகிறது, மாமியின் ஒவ்வொரு சொல்லும் தலையீடாகப்படுகிறது என்பது ஓர்பக்கின் விளக்கம். அந்த விளக்கம் சரியென்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். எங்கள் வீடுகளுக்கு அந்தச் சதவீதத்தைப் பொருத்தவே மாட்டேன். ஆனாலும் மாமியை அம்மா மாதிரி நேசிக்க முடியவில்லையே என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். மரியாதையும் ஒரு ஒழுங்கும் இருந்தால் போதும்.

இனி கணவரோடு எப்படிக் கதைப்பது. வீட்டுக்குள் வேண்டாம். இரண்டு அறை வீட்டில் தாழ்ந்த குரலும் மாமிக்குக் கேட்கும், கேட்கும் என்ற பயமே கணவரின் வாயைக் கட்டும். பின்னேரம் கடற்கரைப் பக்கம் மரைன் டிரைவ் வழியாக இருவரும் நடந்து போங்கள். பிள்ளையை மாமியிடம் விட்டுப் போகலாம், அதுவே மாமிக்கு ஒரு நல்ல செய்தி. பக்கம் பக்கமாக நடந்து கதைப்பது முகத்துக்கு முகம் பார்த்துக் கதைப்பதைவிட அவரைப் போன்ற ஆளுக்கு இலகு. வட்ஸ்அப் விடயத்தை நீங்களே முதலில் எடுங்கள், ஏனென்றால் இப்போது அவருக்குள் புண்ணாக இருப்பது அதுதான். "இஞ்சேருங்கோ, வீட்டுக் கதையை வெளியில சொன்னது உங்களுக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும் எண்டு எனக்கு விளங்குது. இனி அப்பிடிச் செய்யமாட்டன்." இதோடு நிறுத்துங்கள். "ஆனா நீங்கள் கேட்டிருந்தா நான் ஏன் வெளியில சொல்லப்போறன்" என்று அடுத்த வசனம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்குங்கள். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நடையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

அடுத்த முறை உங்கள் தேவையைச் சொல்லுங்கள். "உங்கட அம்மா எப்பவும் என்னை மதிக்கிறதில்லை" என்று தொடங்கினால் அவர் மகனாகி விடுவார். மகனாக நிற்கிற ஆளிடம் மனைவிக்கு நியாயம் கிடைக்காது. "பிள்ளைக்கு நான் ஒண்டு சொல்ல, மாமி அதை மாத்தேக்க, பிள்ளைக்கு முன்னால நான் ஒண்டுமில்லாத ஆள் மாதிரி இருக்கு. ராச்சாப்பாட்டு விசயத்தில மட்டும் நான் சொல்லுறதுதான் எண்டு நீங்கள் அம்மாட்டச் சொல்லவேணும்." நடந்தது ஒன்று, உங்களுக்கு எப்படி இருந்தது, அவர் செய்ய வேண்டியது ஒன்று. அதற்குமேல் போகாதீர்கள். பழைய கதை எதையும், கலியாண வீட்டில் நடந்ததையும், எடுக்க வேண்டாம்.

அவர் தன் தாயிடம் தானே சொல்ல வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்காத விதி. நீங்கள் உங்கள் அம்மா அப்பாவிடம். அவர் தன் அம்மாவிடம். மகன் சொல்வதைத் தாய் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு ஏற்பார். அதே வசனத்தை மருமகள் சொன்னால் இரண்டு வருடத்துக்கு நினைவிலிருக்கும். அவர் சொல்லும்போது "இவ சொல்லச் சொன்னவ" என்று சொல்லவே கூடாது. "நாங்கள் ரெண்டு பேரும் யோசிச்சனாங்கள்" என்று சொல்ல வேண்டும். மூன்று இடத்தில் நீங்கள் எழுதிய அந்த ஏக்கம் இந்த "நாங்கள்" என்ற சொல்லில் கொஞ்சமாவது தீரும் என்று நம்புகிறேன்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தாயைப் பார்ப்பது முதலில் பிள்ளைகளின் கடமை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் அதைப் பிள்ளைகள் மீதுதான் வைக்கிறது. மருமகளின் தலையில் வைக்கவில்லை. நான் வழக்குப் போடச் சொல்லவில்லை. மாமியின் கிளினிக், மருந்து, கோயில் போக்குவரத்து எல்லாம் உங்கள் தலையில் விழுந்திருந்தால், அதில் எதை அவர் எடுப்பது, கனடா மச்சாள் எதற்குப் பணம் அனுப்புவது என்று அக்காவும் தம்பியும் தங்களுக்குள் கதைத்துத் தீர்க்க வேண்டும். அந்தக் கதையில் நீங்கள் இருக்க வேண்டாம்.

மாமியோடு உங்களுக்கு நேராக உள்ள வேலை சிறியது. குசினியில் ஒன்றை முழுவதும் அவருக்கு விட்டுவிடுங்கள், அதில் பிறகு கை வைக்காதீர்கள். மத்தியானக் கறி அவருடையது என்றால் உப்புக் கூடினாலும் அவருடையதுதான். கறித்தூள் மேல்தட்டில் இருக்கட்டும். பிள்ளையின் இரவுச் சாப்பாடும் படுக்கையும் உங்களுடையது. கிழமைக்கு ஒருமுறையாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர் மட்டும் கோயிலுக்குப் போய்வரட்டும். எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தம்பதிகளின் பிணக்குகளில் 69 சதவீதம் ஒருநாளும் முற்றாகத் தீராதவை என்று கொட்மன் கணக்கிட்டார். அந்த எண்ணைவிட அதன் பின்னாலுள்ள விடயம் எனக்கு முக்கியம். தீராத பிணக்கோடு மரியாதையாக வாழ்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிநேகிதி விடயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். அவர் தன் கணவரிடம் சொன்னது நம்பிக்கையை உடைத்ததுதான். ஆனால் பெரும்பாலும் உங்கள் மீதுள்ள கவலையில்தான் சொல்லியிருப்பார். சில கிழமை போகட்டும். பிறகு நேரில் சந்தித்து, "நான் சொன்னது அண்ணைக்குப் போனது எனக்கு நொந்தது" என்று ஒருமுறை சொல்லுங்கள். அதன் பிறகும் நட்பு வேண்டுமென்றால், மாமி கதையை இனி அவரிடம் கொண்டுபோகாதீர்கள். ஒரே கவலையைச் சிநேகிதிகள் இருவர் திரும்பத் திரும்பக் கிளறும்போது நெருக்கமும் கூடுகிறது, மனச்சோர்வும் கூடுகிறது என்று அமண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002இல் பள்ளிப் பிள்ளைகளில் காட்டினார். வளர்ந்த பெண்களிலும் அது அப்படித்தான் என்பது என் அனுபவம் மட்டுமே.

இவ்வளவும் ஒரு பக்கத்துக் கதையைக் கேட்டுச் சொல்வது. கணவரும் மாமியும் என் முன்னால் இருந்தால் சில இடங்களில் வேறுமாதிரிச் சொல்லியிருக்கலாம். ஒரு விடயத்தில் மட்டும் இந்த முழுப் பதிலையும் தூக்கி வைத்துவிடுங்கள்: அந்த வீட்டில் யாராவது கை நீட்டினால், பயமுறுத்தினால், உங்கள் சம்பளத்தையோ போனையோ பறித்து வைத்தால், மென்மையாகக் கதைப்பது மருந்தல்ல. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதை 12 மாதம் வரைக்கும் கொடுக்கலாம். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. மனம் உடைந்து, இனி வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. உங்கள் கடிதத்தில் வன்முறையின் அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லாவற்றையும் எல்லோரும் எழுதுவதில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

மாமியைப் பக்கத்தில் ஓர் அனெக்ஸ் எடுத்து வைக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். சில குடும்பங்களுக்கு அது நல்லது. ஒரே வீதியில் இரண்டு வாசல் இருந்ததால் ஒட்டிக்கொண்ட உறவுகள் உண்டு. ஆனால் இந்தக் கோபம் ஆறாமல் அந்தக் கதையை எடுத்தால், தாயை வெளியேற்றினார்கள் என்ற பேச்சு கனடா வரைக்கும் போய்விடும். மாமா தவறி இன்னும் அதிக காலம் ஆகவில்லை. குறைந்தது ஆண்டுத் திவசம் முடியும்வரை பொறுங்கள், பிறகு அந்தக் கதையைக் கணவர் வாயால் வரவிடுங்கள். இதற்கிடையில் இரண்டு நடையும் நடந்து பார்த்தும் அவர் வாய் திறக்கவில்லை என்றால், உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், இருவருமாகப் போங்கள். அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் தனியாகப் போங்கள். முதல் நடையில் அவர் என்ன சொன்னார் என்பதை, நீங்கள் விளங்கிக்கொண்டபடி அல்லாமல் அவர் சொன்ன வார்த்தையிலேயே, இங்கே எழுதுங்கள். மாமியிடம் எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.